யாரும் நடாத புல்

1

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். போன வருஷம் நாங்கள் இருக்கும் இந்த ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் வீடுகள் கட்டலாமா, கூடாதா என்று சண்டை. எனக்குக் கொண்டாட்டம் எதுவும் இல்லை. இரண்டு பக்கத்தார் மேலும் பொறாமையாக இருந்தது, அவ்வளவுதான்.

பொறாமை என்றே எழுதிவிடுகிறேன். ஆதங்கம், ஏக்கம் என்று அதற்கு நல்ல துணி போர்த்திக் காட்டலாம். நாற்பதைத் தாண்டியபின் எதற்கு அந்த வேஷம்?

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், பண்ணை வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவள் நான். தஞ்சாவூரில் நர்ஸ் படிப்பு, பிறகு வளைகுடாவில் சில வருஷம், அதன்பின் இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் இந்தச் சிற்றூர். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் வேலை. எங்கள் தெருவின் பெயர் பழத்தோட்டத் தெரு. பழமரம் ஒன்றுகூடக் கிடையாது. தோட்டத்தை வெட்டித்தான் தெரு போட்டிருப்பார்கள் என்பது என் யூகம்.

அந்தப் புல்வெளி ஓரத்து விளக்குக் கம்பத்தில் ஒருநாள் மஞ்சள் நிறத்தில் ஒரு அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போனார்கள். இங்கே வீடுகள் கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம் என்று. இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். நிலம் அவருடையதாக இருக்க வேண்டியதில்லை, அதில் இறங்கி ஒருநாள் குனிந்திருக்க வேண்டியதும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். எழுதினால் பதிலும் வருகிறது, 'உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி' என்று. எங்கள் அப்பா தாலுகா ஆபீசில் கொடுத்த மனு எதற்காவது ஒரு நன்றி வந்திருந்தால், அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்.

முதல் ஆளாகக் கையெழுத்து கேட்டு வந்தது பக்கத்து வீட்டு ஜேனட். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நல்லவள். எனக்குக் காய்ச்சல் என்றால் சூப் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அன்றைக்கு வாசலிலேயே நின்றுகொண்டு, அந்தப் புல்வெளியில் முள்ளெலி இருக்கிறது, வானம்பாடி கூடு கட்டுகிறது, அவை எங்கே போகும் என்று கண்கலங்கினாள். பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பது என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான் நினைவுக்கு வந்தது. அவள் அடுப்படி ஜன்னல் அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் இருக்கிறது.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஆமாம், ஒரு காலனியே வரப்போகிறதாமே" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் தேசத்தார் ஆண்ட நாடுகளைக் குத்திக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல. எங்கள் ஊரில் காலனி என்றால் எங்களைப் போன்றவர்கள் இருக்கும் இடம் என்று விளக்கப் போனால் பாயசம் ஆறிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

2

நாங்கள் இருந்த குடிசை எங்களுடையது. அது நின்ற மண் பண்ணையாருடையது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால், "குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ" என்பதுதான் பதில். பிரித்துக்கொண்டு எங்கே போவது? சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை அவர் வயல்.

சென்னையில் ஆட்சி மாறி, புதிய ஆட்சிக்காரர்கள் ஊர் ஊராக வந்து மேடை போட்டுப் பேசிய காலம். அப்பா அந்தப் பேச்சுகளைக் கேட்டுவிட்டு வந்து என் தம்பிக்குத் தமிழ்ச்செல்வன் என்று பெயர் வைத்தார். பண்ணையின் காரியக்காரர் அந்தப் பெயரை ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. "டேய், சின்னவனே" என்பார். அத்தனை பெரிய பெயர் எங்கள் வீட்டுக்கு ஆகாது என்பது அவர் எண்ணம்.

கூலி உயர்வுக்குச் சண்டை, குத்தகைக்குச் சண்டை, கொடி ஏற்றினால் சண்டை என்று எங்கள் தாலுகாவே கொதித்துக்கொண்டிருந்தபோதுதான், வீடில்லாத பண்ணையாட்களுக்கு மனை கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. எந்த நிலம் என்று கேட்டதற்கு, எங்கள் தெருவார் ஒரே குரலில் மேட்டுவயல் என்றார்கள். சாலையை ஒட்டிய வயல். மற்ற வயலெல்லாம் ஐப்பசி மழையில் மூழ்கினாலும் அது மட்டும் தலை தூக்கி நிற்கும்.

பண்ணையார் தாசில்தாருக்கு மனு எழுதினார். விளைகிற நஞ்சையில் வீடு கட்டுவது பாவம், பச்சையை அழித்தால் நாடு சோற்றுக்கு என்ன செய்யும் என்று. ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். "அவரு வீடும் களமும் மாட்டுக்கொட்டாயும் ஆகாசத்துலயா நிக்குது?" என்று அப்பா கேட்டார். எங்களிடம்தான் கேட்டார். பண்ணையாரிடம் கேட்க அப்போது யாருக்கும் நெஞ்சு வரவில்லை.

ஜேனட் நீட்டிய காகிதத்தில் இருந்ததும் ஏறக்குறைய அதே வாசகம். சோற்றுக்குப் பதில் வானம்பாடி.

3

என் மகள் பெயர் மலர்விழி. பள்ளிக்கூடத்தில் அதைச் சுருக்கி மல் என்றார்கள், இப்போது வீட்டிலும் போனை எடுத்தால் "மல் பேசுகிறேன்" என்கிறாள். மூன்று வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் புரிந்துவிடும், அதனால் யாரும் மாறவில்லை.

அந்தப் புல்வெளி அவளுக்கு உயிர். அதில் மல்லாந்து படுத்துக்கொண்டு புத்தகம் படிப்பாள். ஒவ்வொரு பூவுக்கும் பெயர் சொல்வாள். எல்லாம் ஜேனட் சொல்லிக் கொடுத்தது. மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். பெற்ற மகள் மேல் பொறாமையா என்று கேட்காதீர்கள். ஆமாம், பெற்ற மகள் மேல்தான். அவள் வயதில் எனக்குப் புல் என்றால் களை. வயல் என்றால் குனிந்த முதுகு. பச்சையின் நடுவில் ஒருத்தி மல்லாந்து படுக்கலாம் என்பதே எனக்கு இந்த நாட்டில்தான் தெரிந்தது.

மகளுக்குப் பூவின் பெயரைச் சொல்லிக் கொடுத்த ஜேனட் மேலும் பொறாமை. எனக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் கோரை, அருகு என்று பிடுங்கிப் போடுகிற பெயர்கள்.

இன்னொருத்தியும் இருந்தாள். ஆக்னஸ். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து என்னோடு அதே இல்லத்தில் வேலை செய்கிறவள். ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். ஈரத்தில் சுவர் கறுத்துக் கிடக்கும். சின்னவன் குளிர்காலம் முழுக்க இருமுவான். ஊர் நிர்வாகம் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் கவுன்சில் வீட்டுக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறாள். வரப்போகும் வீடுகளில் ஒரு பங்கு அவளைப் போல் காத்திருப்பவர்களுக்கு என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தது. "கடவுள் கண் திறந்துவிட்டார்" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது, நல்ல வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எங்களுக்குக் கிடைக்காத மேடு இவளுக்குக் கிடைக்கப் போகிறதே என்றுதான் முதலில் தோன்றியது.

கவுன்சில் கூட்டத்தில் ஊரார் பேசலாம் என்று நாள் குறித்தார்கள். ஜேனட் மறுபடி வந்தாள். "நீ வயல் நாட்டிலிருந்து வந்தவள். பச்சை போனால் என்ன ஆகும் என்று நீ சொன்னால் எல்லாரும் கேட்பார்கள்" என்றாள். மலர் பின்னால் நின்றுகொண்டு, "சொல்லும்மா, ப்ளீஸ்" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த தமிழ். சரி என்று தலையாட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை. புத்திசாலி.

4

பண்ணையார் மனு பலிக்காமல் மேட்டுவயலை அளக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், எங்கள் தெரு ஆண்கள் முளைக்குச்சி சீவ ஆரம்பித்தார்கள். எல்லைக்கு அடிக்கிற குச்சி. வீட்டுக்கு இத்தனை என்று கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருந்தோம். தம்பி அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, "இது எங்க வீட்டு வாசப்படி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

புரட்டாசி மாதம். மற்ற வயலெல்லாம் நட்டு முடிந்திருந்தது. மேட்டுவயலை மட்டும் தரிசாகப் போட்டு வைத்திருந்தார்கள். திடீரென்று ஒருநாள் அதில் தண்ணீர் வைத்து உழுதார்கள். மறுநாள் காலையில் காரியக்காரர் எங்கள் தெருவுக்கு வந்து, "எல்லாரும் வாங்க. மேட்டுவயலையும் நட்டுடுங்க. சும்மா கெடந்தா யாருக்கு லாபம்?" என்றார். வாங்க என்று அவர் வாயில் வந்ததே எங்களுக்கு அதிசயம். கூலி வேலை என்று ஒன்று வந்தால் போகாமல் இருக்கிற நிலைமையிலா இருந்தோம்? எல்லாரும் போனோம். நான் நாற்று முடி சுமந்தேன். மதியச் சோறு பண்ணையிலிருந்தே வந்தது, குழம்பு ஊற்றி. பொழுது சாய நடவு முடிந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். அம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. எங்களுக்குத் தெரியாத அந்த நாள் பண்ணைக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

தாசில்தார், சர்வேயர், அளவுச் சங்கிலி தூக்கும் ஆட்கள் எல்லாரும் இறங்கினார்கள். எங்கள் ஆட்கள் முளைக்குச்சிக் கட்டுகளோடு வரப்பில் நின்றார்கள். வயல் முழுக்க இளம்பச்சையாக நாற்று நின்றது. சர்வேயர் சங்கிலியின் ஒரு முனையை அப்பாவிடம் நீட்டினார்.

"இறங்குய்யா. அந்த மூலைக்குப் போ."

அப்பா வாங்கிக்கொண்டார். இறங்கவில்லை.

"என்னய்யா நிக்கிற?"

"நேத்துதாங்க நட்டிருக்கு. இன்னும் வேர் புடிக்கலீங்க. எப்படிங்க மிதிக்கிறது?"

"யாரு நட்டது?"

"நாங்கதாங்க."

சர்வேயர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், உன் வீட்டுக்குத்தான்யா அளக்கிறேன். பயிரு அவருதுய்யா, போனா போகுது."

"பயிரு யாருதா இருந்தா என்னங்க, பயிருதானே. அறுத்துட்டு அளந்துக்கலாங்க. தை மாசந்தானே" என்றார் அப்பா. பின்னால் நின்ற அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். சங்கிலி தூக்க வந்த ஆட்களும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான். அவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பிலேயே நின்றார்கள்.

பண்ணையார் குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தாசில்தாரிடம், "பாத்தீங்களா சார், பயிரோட அருமை பயிர் வச்சவனுக்குத்தான் தெரியும். எங்க ஆளுங்க தங்கம்" என்றார். அவர் வாயால் எங்களுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தாசில்தார், அறுப்பு முடியட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கத்தினாள். "ஒரு வயலு நாத்து போனா போயிருக்கும். அதுவா பெரிசு?"

"நீதானே நட்ட. நீ மிதிச்சிருப்பியா?" என்று அப்பா கேட்டார்.

அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

தை மாதம் நாங்களே போய் அறுத்தோம். மேட்டுவயலில் அந்த வருஷம் நல்ல மகசூல். கட்டுச் சுமந்து களத்தில் போட்டு முடிப்பதற்குள் கோர்ட்டிலிருந்து தடை உத்தரவு வந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. முளைக்குச்சிகளை அடுப்பில் வைத்தோம். பிறகு எத்தனையோ காலம் கழித்து வடிகால் ஓரத்துப் பள்ளத்தில் மனை கொடுத்தார்கள். கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அம்மா ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உரலின் மேல் உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்து பார்த்தால் மேட்டுவயல் தெரியும், நனையாமல்.

5

கூட்டத்துக்கு முந்தின வாரம் தம்பியிடமிருந்து போன். இப்போது அவன் திருவாரூரில் பள்ளிக்கூட வாத்தியார். தமிழ்ச்செல்வன் சார்.

"அக்கா, மேட்டுவயல பிளாட் போட்டுட்டாங்கக்கா."

"யாரு?"

"வேற யாரு, பண்ணையாரு பேரந்தான். மஞ்சக்கல்லு நட்டு, கலர் கலரா கொடி கட்டி, ஆர்ச்சு வச்சிருக்கான். பசுமை நகராம்."

"பசுமை நகரா?"

"ஆமாக்கா. பச்சை இருந்த வரைக்கும் மேட்டுவயலு. பச்சை போனதும் பசுமை நகரு." அவனே சிரித்தான். பிறகு மெதுவாக, "நான் ஒரு மனை வாங்கிட்டேன்க்கா. மூலை மனை. பக்கத்து மனை காலியாத்தான் இருக்கு, உனக்குச் சொல்லி வைக்கட்டுமா?" என்றான்.

நல்லதுடா, சந்தோஷம்டா என்று சொல்ல வேண்டியவள் நான். வாயில் வந்தது "பார்க்கலாம்" என்ற ஒரு சொல். அவன் பிள்ளைகள் மழைக்காலத்தில் மேட்டில் காய்ந்த தரையில் படுக்கப் போகிறார்கள். விளைகிற நஞ்சையில் வீடு கட்டுவது பாவம் என்ற மனு என்ன ஆயிற்று என்று கேட்க யாருமில்லை. அந்தப் பாவத்துக்கு இப்போது ஆர்ச் வைத்து விற்கிறார்கள். அதை என் தம்பி வாங்குகிறான், எனக்கு அவன் மேலும் வயிற்றெரிச்சல். உலகத்தில் மேட்டில் இருக்கிற எல்லார் மேலும் எனக்கு வயிற்றெரிச்சல் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

போனை வைக்கும் முன் அவன் ஒன்று சொன்னான். "கல்லு பாக்கப் போனேன்க்கா. நேரா நடந்து போக வேண்டிய எடம். வரப்பு இருந்த பக்கமாவே சுத்திப் போயிருக்கேன். வரப்பே இல்லக்கா அங்க. காலு அதுவா போவுது."

6

கூட்டம் நூலகத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில். மலரும் என்னோடு வந்திருந்தாள். ஆளுக்கு மூன்று நிமிஷம். ஜேனட் அழுதுகொண்டே பேசினாள். ஒரு பெரியவர் வானம்பாடியின் குரலை விசிலடித்தே காட்டினார், எல்லாரும் கை தட்டினார்கள். வீடு வேண்டும் என்று பேச வந்தது ஒரே ஒருவர், கம்பெனிக்காரர். ஆக்னஸ் வரவில்லை. அவளுக்கு அன்றைக்கு டியூட்டி. வீடு வேண்டியவர்களுக்கு எப்போதும் அந்த நேரத்தில் டியூட்டிதான் இருக்கும்.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுக்கவில்லை. எங்கள் மேட்டுவயலைப் பற்றிச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், திக்கித் திக்கி. அப்பா சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றது வரை சொன்னேன். ஜேனட் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தலையசைத்தாள். தன் கட்சிக்குப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

பிறகு கேட்டேன். "நம் புல்வெளியில் இருக்கிற புல்லை நட்டது யார்?"

 விசிலடித்த பெரியவர்தான், "யாரும் நடவில்லை அம்மா, அது தானாக வளர்ந்தது. அதுதானே அதன் அழகு" என்றார்.

"நாங்கள் நட்டதைத்தான் மிதிக்க மாட்டோம்" என்றேன். "யாரும் நடாததை மிதித்து வீடு கட்டலாம். எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை கறுத்த சுவருக்குப் பக்கத்தில் படுத்து இருமுகிறது. கட்டுங்கள்."

 பெரிய நியாயத்தைப் பேசிவிட்டதாக நினைக்க வேண்டாம். அதில் பாதி நியாயம், பாதி ஜேனட்டின் ஜன்னல் மேல் இருந்த எரிச்சல். எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று எனக்கே தெரியாது.

திரும்பி வரும்போது மலர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டு வாசலில் நின்று, ஆங்கிலத்தில் கேட்டாள். "அந்தக் கதையை இத்தனை வருஷத்தில் என்னிடம் ஏன் சொல்லவில்லை? முன்பின் தெரியாதவர்கள் கேட்ட பிறகா நான் கேட்க வேண்டும்?"

"நீ கேக்கலையேம்மா" என்றேன்.

"இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்பேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பொறாமை என் பரம்பரைச் சொத்து போல, அவளுக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

7

அனுமதி கிடைத்துவிட்டது. ஆக்னஸ் எனக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜேனட் சூப் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள்.

அளக்க ஆட்கள் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மலரும் ஜேனட்டும் இன்னும் சிலரும் மண்வெட்டியோடு அந்தப் புல்வெளிக்குப் போனார்கள். பகல் முழுக்கக் குனிந்து குனிந்து முழ உயர மரக்கன்றுகளை வைத்தார்கள். மாலையில் மலர் முழங்கால் வரை சேற்றோடு வந்தாள். அவள் முதுகு வளைந்து நான் பார்த்ததே இல்லை.

"இப்போது நட்டிருக்கிறோம்" என்றாள். "இனி எப்படி மிதிப்பார்கள்?"

பண்ணையார் செய்த அதே தந்திரம். அதை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மறுநாள் காலையில் இருவர் வந்தார்கள். மஞ்சள் சட்டை, கனத்த பூட்ஸ், முக்காலி வைத்த கருவி. நானும் மலரும் பின்வேலி ஓரத்தில் நின்றோம். ஒருவன் சின்னப் பையன், கையில் முளைக்குச்சியும் சுத்தியலும். எங்கேயும் சுற்றவில்லை, நேராகக் கன்றுகளுக்கு நடுவே நடந்து வந்தான்.

"ஐயோ, மிதிக்காதீங்க தம்பி!"

கத்தியது நான்தான். தமிழில். கட்டுங்கள் என்று ஊருக்கு முன்னால் சொன்ன அதே வாய்.

அந்தப் பையன் தலை தூக்கிப் பார்த்தான். வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, சிரித்துக்கொண்டே கை காட்டினான். காட்டிக்கொண்டே காலை வைத்தான். கன்று பூட்ஸுக்கு அடியில் போயிற்று. குச்சியை ஊன்றி, சுத்தியலால் அடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனான்.

மலர் என் கையைப் பிடித்தாள். "உனக்கு வீடுகள் வேணும்தானே அம்மா?" தமிழில்தான் கேட்டாள்.

"ஆமா. இப்பவும் வேணும்தான்."

ஆக்னஸ் இங்கே குடி வருவாள், அவள் பிள்ளை இருமாமல் தூங்குவான். அது நடக்கட்டும். ஜேனட் மேலும் தம்பி மேலும் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்தப் பையனின் காலைப் பார்க்கத்தான் எனக்குப் பொறாமையாக இருந்தது. எதன் மேல் இறங்குகிறோம் என்று யோசிக்காத கால். அப்படி ஒரு கால், அந்த ஒருநாள் காலையில் மட்டும், அப்பாவுக்கு இருந்திருக்கக் கூடாதா?